எலன் பிராடிக்கு நோயே இல்லை

காலை ஆறு மணிக்கு மூன்றாம் நம்பர் சூளையின் கதவைத் திறந்தபோது உள்ளே அடைந்து கிடந்த சூடு பாய்ந்து வந்து ஹெஸ்டரின் இமைகளைச் சுட்டது. வெளியே முற்றத்துக் கற்களில் மார்ச் மாதத்து உறைபனி இன்னும் விட்டபாடில்லை. உள்ளே தரையிலிருந்து கூரை வரை பலகை அடுக்குகள். அடுக்குகள் நிறைய மண்சட்டிகள். ஒவ்வொரு சட்டியிலும் நாலு நாள் சூட்டில் காய்ந்து இறுகிய ஈயவெள்ளை. ஊரில் கதவுக்கும் ஜன்னலுக்கும் கப்பலுக்கும் பூசுகிற வெள்ளை வர்ணம் இந்தப் பொடியைக் குழைத்துச் செய்வதுதான்.

ஏணியின் உச்சியில் நின்று சட்டியை எடுப்பவள் ஒருத்தி. கீழே நின்று வாங்குபவள் ஒருத்தி. வாங்கியதைத் தலையில் ஏற்றிக்கொண்டு பீப்பாய் அறைக்கு ஓடுபவள் ஒருத்தி. சட்டி லேசாக இடித்தாலே பொடி புகைபோல் கிளம்பும். மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாலும் நாக்கில் ஒரு தித்திப்பு ஏறிவிடும். அந்தத் தித்திப்புக்குத்தான் பயப்பட வேண்டும் என்று புதிதாக வருகிறவளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள். தித்திப்புக்குப் பிறகு வயிற்றுப்பிடி. அதன் பிறகு மணிக்கட்டு தொங்கும். அதற்கும் பிறகு இழுப்பு.

அன்று ஏணியில் நின்றவள் நோரா டெவ்லின். சட்டிக்கு ஒரு கேலி சொல்கிற அயர்லாந்துக்காரி. மேஸ்திரியம்மாளின் நடையையும் மானேஜரின் இருமலையும் அவள் ஏணியில் நின்றபடியே நடித்துக் காட்டினால் கீழே நிற்பவர்கள் சட்டியைப் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு அவள் வாய் திறக்கவில்லை. தன் விரல் ஹெஸ்டரின் விரலில் பட்டுவிடாமல் பார்த்துப் பார்த்துச் சட்டியை இறக்கினாள்.

நோரா மட்டுமல்ல. சூளையில் வேலை செய்த நாற்பத்து மூன்று பெண்களில் ஒருத்தியும் அன்று காலை ஹெஸ்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பக்கத்தில் நின்றால் தங்களுக்கும் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். அவளுக்கும் பயம்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் வயிறு ரொட்டியையோ தண்ணீரையோ ஏற்கவில்லை. ஈயத்தால் வந்த வலியா, பயத்தால் வந்த வலியா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமையன்று அவள் நகர மண்டபத்தில் அரசாங்க விசாரணைக் குழுவின் முன்னால் நின்று சாட்சி சொல்லியிருந்தாள்.

டைன் நதிக்கரையின் ஈயவெள்ளை ஆலைகளில் பெண்கள் ஏன் இப்படிச் சாகிறார்கள் என்று விசாரிக்க லண்டனிலிருந்து அந்தக் குழு வந்திருந்தது. குழுவின் குமாஸ்தா பிரைஸ் என்ற ஒல்லியான மனிதர் சந்து சந்தாக வந்து, பேச முன்வருபவர்கள் உண்டா என்று கேட்டார். லாங்ஸ்டாஃப் கம்பெனிச் சூளைகளிலிருந்து முன்வந்தவள் ஹெஸ்டர் ஒருத்திதான். ரூத் ஹெட்லியின் தலை அவள் மடியில் இருந்தபோதுதான் மூச்சு நின்றுபோயிற்று. ரூத்துக்குப் பத்தொன்பது வயது. சூளைக்கு வந்து மூன்றே வாரம். ஏணியடியில் இழுப்பு வந்து விழுந்தாள். பற்கள் கிட்டி, கண் செருகி, பிற்பகல் மூன்று மணிக்கு அடங்கிவிட்டாள். தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் தாய் வண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வியை ஹெஸ்டரால் மறக்க முடியவில்லை. "யாரும் பாக்கலையா? ஒருத்தர்கூடப் பாக்கலையா?"

பார்த்தவள் போய்ச் சொன்னாள். ஆனால் சொல்லும்போது ஒரு காரியம் நடந்துவிட்டது.

சூளைப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வியாழக்கிழமைதோறும் கம்பெனி டாக்டர் வருவார். வரிசையாக நிற்கவைத்து உதட்டைத் தூக்கிப் பார்ப்பார். ஈறில் ஈயம் ஏறியதற்கு அடையாளமான நீலக்கோடு இருந்தால் அந்தப் பெயரைப் புத்தகத்தில் அடித்துவிட்டு வெளியே அனுப்பிவிடுவார். வெளியே போனவளுக்கு வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. பத்து நாள் கழித்து அவள் வேறொரு பெயரோடு அதே கேட்டுக்கு வருவாள். இறந்துபோனவள், ஊரைவிட்டுப் போனவள், கண் அவிந்தவள் இப்படி யாருடைய பெயராவது அடிக்கப்படாமல் புத்தகத்தில் சுத்தமாக இருக்கும். மேஸ்திரியம்மாள் ஸ்டோகோ அந்தப் பெயரைக் கொடுப்பாள். புதுப் பெயருக்குத்தான் புது மருத்துவச் சீட்டு வேண்டும், பழைய பெயருக்கு வேண்டாம். டாக்டர் வாயைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பதில்லை. அதற்காகவே வியாழக்கிழமை காலையில் எல்லாரும் உப்பும் கரியும் வைத்து ஈறு கிழிய விளக்கிக்கொண்டு வருவார்கள்.

ஹெஸ்டர் மில்பர்ன் என்ற பெயர் போன அக்டோபரில் அடிபட்டது. அன்றிலிருந்து சூளைக்குள் அவள் எலன் பிராடி. நோரா டெவ்லின் உள்ளே கேட் முல்லன். பழக்க தோஷத்தில் வெளியிலும் அவர்கள் ஒருவரையொருவர் அந்தப் பெயரிலேயே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நகர மண்டபத்தில் பைபிளைக் கையில் கொடுத்து முத்தமிடச் சொல்லிவிட்டுப் பெயர் கேட்டார்கள். அந்தப் புத்தகத்தில் உதடு பட்ட ஈரம் காய்வதற்குள் பொய் சொல்ல அவளால் முடியவில்லை. வாய் தானாக "ஹெஸ்டர் மில்பர்ன்" என்று சொல்லிவிட்டது. சாட்சி முடிந்ததும் குமாஸ்தா பிரைஸ் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து அதிலிருந்ததை விளக்கினார். போன வருடம் பாராளுமன்றம் போட்ட சட்டம். இப்படிப்பட்ட விசாரணையில் சாட்சி சொன்னவரை அதற்காக எவரும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, தண்டிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. மீறினால் நூறு பவுன் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை. ஹெஸ்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அது இப்போதும் அங்கேதான் இருந்தது. வியர்வையில் நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு மேஸ்திரியம்மாள் சூளை வாசலில் வந்து நின்றாள். "எலன், ஆபீஸ்ல கூப்பிடறாங்க" என்றாள். அவள் ஹெஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை.

மானேஜர் லாங்ஸ்டாஃப் முதலாளியின் தம்பி. அவர் கோபமாக இல்லை.

"உக்காரும்மா."

அந்த ஆபீஸில் எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. பாவாடையெல்லாம் பொடி. நின்றுகொண்டாள்.

"உன் பேரு என்ன?"

ஹெஸ்டர் மேஸ்திரியம்மாளைப் பார்த்தாள். மேஸ்திரியம்மாள் தரையைப் பார்த்தாள். "எலன் பிராடிங்க ஐயா."

"நல்லது. எலன், சனிக்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. ஹெஸ்டர் மில்பர்ன்னு ஒரு பொம்பளை மண்டபத்துக்கு வந்து, நம்ம மூணாம் நம்பர்ல வேலை பாக்கறதா சத்தியம் பண்ணிட்டுப் போயிருக்கா. ரூத் ஹெட்லின்னு ஒருத்தி இங்க செத்துட்டாளாம். நான் புத்தகத்தைப் புரட்டிப் பாத்துட்டேன். அந்தப் பேர்ல இப்ப இங்க யாரும் இல்ல, ரூத் ஹெட்லியும் இருந்ததே இல்ல. நீ அவளைப் பாத்திருக்கியா?"

ஹெஸ்டர் சட்டைக்குள் இருந்த தாளை நினைத்துக்கொண்டாள். "சட்டம் இருக்குன்னு குமாஸ்தா ஐயா சொன்னாருங்க. சாட்சி சொன்னவளை வேலையை விட்டு நிறுத்தக் கூடாதுன்னு."

"இருக்கு. நானும் படிச்சேன். நல்ல சட்டம்." லாங்ஸ்டாஃப் நாற்காலியில் சாய்ந்தார். "ஆனா ஹெஸ்டர் மில்பர்னை நான் எப்படிம்மா வேலையை விட்டு நிறுத்த முடியும்? அவளை நான் வேலைக்கே வச்சுக்கலையே."

லாங்ஸ்டாஃப் மேசை இழுப்பறையைத் திறந்தார்.

"இன்னொண்ணு. அந்தச் சட்டத்துல ஒரு வரி இருக்கு, குமாஸ்தா அதை உனக்குப் படிச்சுக் காட்டினாரா? கெட்ட எண்ணத்தோட சாட்சி சொன்னவங்களுக்கு அந்தச் சட்டம் துணைக்கு வராது. பொய்ப் பேர்ல வேலைக்குச் சேந்து, பொய்ப் பேர்ல கூலி வாங்கினவளோட எண்ணம் நல்ல எண்ணம்னு எந்த மாஜிஸ்டிரேட் எழுதுவாரு? அவளை நேரா ஜெயிலுக்குத்தான் அனுப்புவாரு."

மேசைமேல் ஒரு காகிதத்தை நகர்த்தி வைத்தார். அதில் இருந்ததை அவரே படித்துச் சொன்னார். நான் எலன் பிராடி. ஆறு வருடமாக இந்தச் சூளையில் வேலை செய்கிறேன். ஹெஸ்டர் மில்பர்ன் என்று எவரையும் எனக்குத் தெரியாது. நாளை மத்தியானத்துக்குள் அவள் அதில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு குறி போட வேண்டும். போட்டால் எலன் பிராடி எப்போதும்போல வேலைக்கு வரலாம், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. நாளை சாயங்காலத்தோடு விசாரணைக் குழு ஊரைவிட்டுப் போய்விடும்.

"நீ யாருன்னு நீயே முடிவு பண்ணிக்க" என்றார். "ரெண்டு பொண்ணு இருக்கில்ல உனக்கு?"

மத்தியானச் சாப்பாட்டு அறையில் பெண்கள் கையலம்பிவிட்டு ரொட்டியும் தேநீருமாக உட்கார்ந்திருந்தார்கள். ஹெஸ்டர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. அவள் நோராவுக்கு எதிரே உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த காகிதத்தைப் பற்றிச் சொன்னாள். யாராவது ஒருத்தி ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று மனதின் ஓரத்தில் ஒரு நினைப்பு இருந்தது.

நோரா ரொட்டியைக் கீழே வைத்தாள். "குறி போட்டுத் தொலைடி" என்றாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம மண்டபத்துக்குப் போய் நிஜப் பேரைச் சொன்ன பாரு, அது உனக்கு மட்டுமா தலைவலி? அவங்க புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தி மூஞ்சியையும் பாக்க ஆரம்பிச்சா என்ன ஆகும்? எனக்கு ஈறு முழுக்க நீலம். கேட் முல்லன்ங்கற பேரு இல்லேன்னா அடுத்த வாரம் நான் ஏழை விடுதியில ஒரு வேளைக் கஞ்சிக்காக உக்காந்து பழங்கயிறு பிரிச்சுக்கிட்டு இருப்பேன். எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சுட்டுச் சட்டம் படிக்கறா."

அங்கே பலர் தலையாட்டினார்கள். நோரா சொன்னது அத்தனையும் நிஜம்.

அப்போதுதான் மேஸ்திரியம்மாள் கதவருகே வந்து, "மார்கரெட் ஷீல், நீ ரெண்டு மணிக்கு ஏணி ஏறு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த புதுப்பெண் எழுந்தாள். பதினெட்டு வயதிருக்கும். போன வியாழக்கிழமைதான் வந்தவள். ஃபீபி என்று சந்தில் எல்லாருக்கும் தெரியும். மார்கரெட் ஷீல் என்பது ரூத் ஹெட்லிக்குச் சூளைக்குள் இருந்த பெயர்.

ரூத்தைப் புதைத்து இரண்டு வாரம் ஆகவில்லை. ஆனால் புத்தகத்தில் அவள் சாகவே இல்லை. ஒரு நாள் லீவு போட்டதாகக்கூட இல்லை. இன்று ரெண்டு மணிக்கு ஏணி ஏறப் போகிறாள்.

அந்தக் கணத்தில் சனிக்கிழமை நடந்த இன்னொன்று ஹெஸ்டருக்கு நினைவு வந்தது. அவள் முறை வருவதற்கு முன்னால் மண்டபத்தில் பெஞ்சில் காத்திருந்தபோது, லாங்ஸ்டாஃப் குழுவின் முன்னால் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். "எலன் பிராடி. ஆறு வருடம். ஒரு நாள்கூட நோய் இல்லை. கேட் முல்லன். ஐந்து வருடம். நோய் இல்லை." தன் சூளைப் பெயரைக் கேட்டதும் பிடிபட்டுவிட்டோம் என்று அவள் நடுங்கினாளே தவிர, அவர் என்ன படிக்கிறார் என்று மனதில் வாங்கவில்லை.

"கேட், நான் எலன் ஆகி எத்தனை மாசம்?" என்று நோராவிடம் கேட்டாள்.

"அஞ்சு மாசம். அதுக்கென்ன இப்ப?"

"எனக்கு முன்னாடி?"

"சாரா. கண்ணு அவிஞ்சு போச்சே, அவ. அவளுக்கு முன்னாடி நிஜ எலன். இழுப்புல போனா." நோரா சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"ஒருத்தி செத்துட்டா. ஒருத்திக்குக் கண்ணு போச்சு. மூணாவது நான் ராத்திரியெல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருள்றேன். அவர் அங்க போய் எலன் பிராடிக்கு ஆறு வருஷமா நோயே இல்லைன்னு படிக்கறாரு. பேரை மாத்திக்கிட்டு நம்மளைக் காப்பாத்திக்கறோம்னுதானே நினைச்சோம். இத்தனை வருஷமா அவரைத்தானே காப்பாத்தியிருக்கோம்."

நோரா மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றினாள். "இதை வெளியில சொன்னா நாங்க அத்தனை பேரும் செத்தோம்" என்று மட்டும் சொன்னாள். மணி அடித்தது. எழுந்துபோனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஹெஸ்டர் சூளைக்குப் போகவில்லை. தன் பெண்கள் இருவரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நகர மண்டபத்துப் படிகளில் ஏறினாள். இரண்டு முறை பாதியில் இறங்கினாள். மூன்றாம் முறை ஏறியபோது குமாஸ்தா பிரைஸ் அவளைப் பார்த்துவிட்டதால் இறங்க முடியவில்லை.

உள்ளே லாங்ஸ்டாஃப் ஏற்கெனவே வந்திருந்தார். ஹெஸ்டர் மில்பர்ன் என்ற பெண் இப்போது தங்கள் ஆலையில் இல்லையென்றும், அவள் சாட்சியை எடுத்துக்கொள்ளக் கூடாதென்றும் எழுத்தில் கொடுத்திருந்தார். ஹெஸ்டர் குறி போடாத அந்தக் காகிதத்தைக் குழுவின் தலைவர் முன்னால் வைத்தாள். தலைவர், நரைத்த மீசைக்காரர், காதுக்குக் கை வைத்து இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பெயர்களை, வியாழக்கிழமையை, உப்பையும் கரியையும், மார்கரெட் ஷீலை.

லாங்ஸ்டாஃப் சிரித்தார். ஒரு பொய்யை மறைக்க நாற்பது பேரைப் பொய்யர்கள் ஆக்குகிறாள் என்றார்.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். ஒருத்தி சொல்வதை மட்டும் வைத்து ஆறு வருடப் புத்தகத்தைத் தள்ளிவிட முடியாது என்றும், புத்தகத்தைச் சோதிக்காமல் அவளைத் தள்ளிவிடவும் முடியாது என்றும் சொன்னார். ஊருக்குப் போவதை ஒரு நாள் தள்ளிவைத்தார். நாளைக் காலை ஆறு மணிக்குப் பிரைஸ் ஆலைக் கேட்டுக்கு வந்து புத்தகத்தில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். பெயருக்கு ஆள் சரியாக இருந்தால் விஷயம் அதோடு முடிந்தது.

"மிக்க சந்தோஷம்" என்றார் லாங்ஸ்டாஃப். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தார். அதன் காரணம் ஹெஸ்டருக்குத் தெரியும். ஒவ்வொருத்தியும் தன் கூலிப் பெயருக்கு "இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்கள் தினமும் சொல்கிற வார்த்தைதான்.

அன்று மாலை சந்தில் கதவுகள் அவளைக் கண்டதும் மூடிக்கொண்டன. மேஸ்திரியம்மாள் முன்பே வீடு வீடாக வந்து போயிருந்தாள். புத்தகத்துப் பெயருக்குக் குரல் கொடுக்காதவள் வியாழக்கிழமை டாக்டர் முன்னால் நிற்க வேண்டாம், எந்த நாளும் வேலைக்கு வர வேண்டாம். நோராவின் கதவை ஹெஸ்டர் தட்டினாள். உள்ளே காலடிச் சத்தம் வந்து கதவுக்குப் பின்னால் நின்றது. திறக்கவில்லை. ஹெஸ்டர் சட்டைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தாள். மடிப்புகளில் கிழிந்து, வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தாள். அந்தச் சந்தில் எழுத்துக் கூட்டாமல் குழறாமல் படிக்கத் தெரிந்தவள் நோரா ஒருத்திதான்.

புதன்கிழமை இன்னும் விடியவில்லை. நதியிலிருந்து வந்த மூடுபனிக்குள் ஆலைக் கேட்டின் விளக்கு மஞ்சளாகக் கரைந்திருந்தது. நாற்பத்து மூன்று பெண்களும் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஹெஸ்டர் தனியாக மதிலோரம் நின்றாள். பிரைஸ் ஒரு கவிழ்த்த பீப்பாயின் மேல் தாளும் மையும் வைத்துக்கொண்டார். புத்தகம் மேஸ்திரியம்மாள் கையில். மற்றொரு கையில் கைவிளக்கு. லாங்ஸ்டாஃப் கேட்டுக்கு உள்பக்கம் கம்பிகளுக்குப் பின்னால் கடிகாரத்தோடு நின்றார்.

இங்கே சொல்லப்படுவதும் விசாரணைக் குழுவின் முன்னால் சொன்ன சாட்சிதான், மண்டபத்தில் காப்பாற்றுகிற சட்டம் இங்கேயும் காப்பாற்றும் என்று பிரைஸ் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். மூடுபனியில் அவருடைய மெல்லிய குரல் எத்தனை தூரம் போனதோ தெரியாது. பிறகு புத்தகத்தை வாங்கிப் படித்தார்.

"ஆலிஸ் பேட்ஸ்."

"இருக்கேன்." சூசன் என்கிறவள் சொன்னாள். நிஜ ஆலிஸ் கல்லறைக்குப் போய் மூன்று வருடம்.

"ஜேன் பூத்."

"இருக்கேன்."

அதுவும் பொய். ஹெஸ்டருக்கு மதிலில் சாய்ந்துகொள்ள வேண்டியிருந்தது. கம்பிகளுக்குப் பின்னால் லாங்ஸ்டாஃப் கடிகாரத்தை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

"எலன் பிராடி."

ஹெஸ்டர் ஓடிப்போய்விடலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நதிக்கு அந்தப் பக்கம் போய்விடலாம். கால் மரத்துப்போயிருந்ததால் அவள் ஓடவில்லை என்றுதான் பிற்பாடு சொல்வாள்.

"எலன் பிராடி செத்துப்போயிட்டா" என்றாள். "நாலு வருஷம் ஆச்சு. அவ பேர்ல வேலை பாக்கறவ நான். ஹெஸ்டர் மில்பர்ன்."

பிரைஸ் எழுதினார். பேனா தாளில் கீறுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அடுத்த பெயர். "இருக்கேன்." அதற்கடுத்த பெயர். "இருக்கேன்." இப்படியே ஆறேழு பெயர்கள் போயின. அவற்றில் நிஜமான பெயரும் இருந்தது, இல்லாததும் இருந்தது. ஒவ்வொரு "இருக்கேன்"னும் ஹெஸ்டருக்கு ஒரு படி கீழே இறங்குவது போலிருந்தது.

"கேட் முல்லன்."

நோரா முன் வரிசையில்தான் இருந்தாள். சால்வைக்குள் அவள் கை எதையோ கசக்கிக்கொண்டிருந்தது. பிரைஸ் இரண்டாம் முறை கூப்பிட்டார்.

"அவ வரமாட்டா ஐயா" என்றாள் நோரா. அவள் பற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. "நான்தான் அவளுக்குக் கண்ணை மூடிவிட்டேன். ரெண்டு வருஷம் ஆகுது. நான் நோரா டெவ்லின். எனக்கு ஈறு முழுக்க நீலம், வேணும்னா விளக்கைக் கொண்டாந்து பாருங்க." சால்வையிலிருந்து கசங்கிய தாளை வெளியே எடுத்தாள். "அந்தக் கெட்ட எண்ணம்ங்கற வரியையும் படிச்சுட்டேன். எண்ணத்தைப் பத்தி மாஜிஸ்டிரேட் ஐயா கேக்கட்டும். முதல்ல இந்தப் பேரையெல்லாம் எங்களுக்குக் கொடுத்தது யாருன்னும் கேக்கட்டும்."

பிரைஸ் மேஸ்திரியம்மாள் பக்கம் திரும்பினார். புத்தகத்தில் இருக்கும் எழுத்து யாருடையது என்று கேட்டார்.

கம்பிகளுக்குப் பின்னாலிருந்து லாங்ஸ்டாஃப், "திருமதி ஸ்டோகோ" என்று எச்சரிப்பதுபோல் மெதுவாகக் கூப்பிட்டார்.

மேஸ்திரியம்மாள் கைவிளக்கைத் தரையில் வைத்தாள். "என்னோடதுதான்" என்றாள். "அடிக்க வேண்டிய பேரை அடிக்காதேன்னு சொன்னாங்க. நான் அடிக்கல." விளக்கை எடுக்க மறந்து நின்றாள்.

அதன் பிறகு பிரைஸ் பெயரைப் படித்து முடிப்பதற்குள் பதில் வந்தது. அவ கிளாஸ்கோ போயிட்டா, நான் டோர்கஸ் யங்கர். அவ செத்துட்டா, நான் விநிஃப்ரெட். அது எங்க அக்கா ஐயா, அவளும் செத்துட்டா. சிலர் மட்டும் நடுங்கிக்கொண்டே "இருக்கேன்" என்றார்கள், அவர்களை யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை. நடுவில் சூசன் பின்னாலிருந்து இடித்துக்கொண்டு வந்து, "ஐயா, முதல்ல கூப்பிட்டீங்களே ஆலிஸ் பேட்ஸ்னு, அது நான் இல்ல, அதை அடிச்சுடுங்க" என்றாள். எதை அடிப்பது, அவள் பதிலையா ஆலிஸையா என்று பிரைஸுக்குப் புரியவில்லை. ரெண்டையும்தான் என்று நோரா சொன்னாள். பயத்துக்கு நடுவே யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள்.

"மார்கரெட் ஷீல்."

ஃபீபியைத் தள்ளிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்த வேண்டியிருந்தது. அவள் பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அந்தப் பேரைப் போன வியாழக்கிழமைதான் குடுத்தாங்க" என்றாள். "அது யாருடையதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

"ரூத் ஹெட்லியோடது" என்றாள் ஹெஸ்டர் மதிலோரத்திலிருந்து. "எழுதிக்கோங்க ஐயா. ரூத் ஹெட்லி. பத்தொன்பது வயசு. பிற்பகல் மூணு மணி."

பிரைஸ் எழுதினார். தாள் தீர்ந்துவிட்டது. பையிலிருந்து இன்னொன்றை எடுத்து, குளிரில் விறைத்த விரல்களை ஊதிக்கொண்டு மேலே எழுதினார். எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது, நாற்பத்து மூன்றில் இருபத்தாறு பெயர்கள் அங்கே நின்றவர்களுடையதாக இல்லை.

லாங்ஸ்டாஃப் ஒரு வார்த்தையும் சொல்லாமல் உள்பக்கமாகக் கேட்டைப் பூட்டினார். பிறகு கம்பிக்கு அருகே வந்து, இன்றைக்கு வேலை இல்லை, நாளைக்கும் இருக்குமென்று சொல்வதற்கில்லை என்றார். யாரையும் நீக்கவில்லையாம், கேட்டை மட்டும்தான் பூட்டுகிறாராம். பிரைஸ் அந்தச் சொற்களையும் அப்படியே எழுதிக்கொண்டார். மணி என்ன என்று அவரிடமே கேட்டு அதையும் குறித்துக்கொண்டார். மாஜிஸ்டிரேட்டுக்கு இது போதுமா போதாதா என்று தனக்குத் தெரியாது, இந்தச் சட்டத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் அதிகம் பேர் இல்லை என்று பெண்களிடம் ஒளிக்காமல் சொன்னார். தலைவர் எட்டு மணிக்கு மண்டபத்துக்கு வருவார், அதுவரை அவர்கள் காத்திருக்க முடியுமா என்று கேட்டார்.

வீட்டில் ரொட்டி இல்லாதவர்கள் அங்கே பாதிப் பேர். பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தியும் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியம்மாளும் கைவிளக்கை அணைத்துவிட்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். அவளுக்கு இடம் விடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கிவிட்டு டோர்கஸ் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

ஹெஸ்டர் இன்னும் மதிலோரத்திலேயே இருந்தாள். உடம்பு உதறியது. நதிக்காற்று நேராக அவள்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஹெஸ்டர்" என்று நோரா கூப்பிட்டாள். அந்தப் பெயர் அவள் வாயில் புதிதாக இருந்தது, கொஞ்சம் தடுமாறியது. "ஏண்டி அங்கயே நிக்கற? இங்க வந்து நடுவுல நில்லு. காத்து படாது."